இரண்டாம் அணி என்று இளப்பம் வேண்டாம்

பெங்களூர்த் தமிழருக்குக் கால்பந்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்தவர் நம் ஊர் சாரங்கபாணி ராமன். 1962ல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற அணியில் ஆடியவர் நம் அருமைநாயகம். கௌதமபுரத்தில் பீலேவுக்கே சிலை வைத்திருக்கிறோம்!

முன்பெல்லாம் பந்தை நன்றாக உதைத்த பையனுக்கு ஒரு வழி இருந்தது. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற தொழிற்சாலைகள் அணிகள் வைத்திருந்தன. ஆட்டத்தோடு வேலையும் கிடைத்தது. கால் ஓய்ந்த பிறகும் சம்பளம் ஓயவில்லை. எச்.ஏ.எல். அணி 2011-12 பருவத்தோடு ஐ-லீகிலிருந்து இறங்கியது. 2013ல் பெங்களூரு எப்.சி. பிறந்தது. ஆலை அணியின் இடத்துக்குத் தொழில்முறை கிளப் வந்தது.

அந்தக் கிளப்பின் 'ரிசர்வ்' அணியை, மிச்சப்பட்டவர்கள் உட்காரும் பெஞ்சு என்றே பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பெங்களூர் சூப்பர் டிவிஷன் லீகில் 2018-19, 2019-20 என்று இரண்டு முறை தொடர்ந்து வாகை சூடிய அணி அது. ரிலையன்ஸ் பவுண்டேஷன் டெவலப்மெண்ட் லீகையும் 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்றது.

காரைக்குடிப் பக்கம் கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன் இந்த அணியில் ஆடி மேலே வந்தவர்தான். 2022 செப்டம்பரில் கல்கத்தாவில் நடந்த டூராண்டு கோப்பை இறுதி ஆட்டத்தில், மும்பைக்கு எதிராக முதல் கோல் அவருடையது. 2022-23ல் ஐ.எஸ்.எல்.லின் சிறந்த வளரும் வீரர் பரிசும் அவருக்கே. அதற்கு முந்தைய ஆண்டு அதே பரிசைப் பெற்ற மணிப்பூரின் ரோஷன் சிங்கும் இதே படியில் ஏறியவர்.

ஆனால் எல்லோரும் மேலே போய்விட முடியாது. ஏறாத பையனின் கதி என்ன? ஆலை வேலையில் பென்ஷன் இருந்தது. இங்கே ஒப்பந்தம் முடிந்தால் வீடுதான். 2025 ஆகஸ்டில் ஐ.எஸ்.எல். நடக்குமா என்று தெரியாத நிலையில், கிளப் தன் முதல் அணியின் சம்பளத்தையே நிறுத்தி வைத்தது. இளைஞர் அணிகள் தொடரும் என்று அப்போது அறிவித்தது பாராட்டுக்குரியது. அந்த வாக்கு என்றும் நிற்க வேண்டும்.

ஆகவே கிளப்புக்கு நாம் சொல்வது இரண்டு. கௌதமபுரம், ஆஸ்டின் டவுன் போன்ற இடங்களுக்கே வந்து பையன்களைத் தேர்ந்தெடுங்கள். எடுத்த பையனின் படிப்புக்கோ கைத்தொழிலுக்கோ பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. பந்தைப் பிடுங்கி வைக்காதீர்கள்; புத்தகத்தையும் விட்டுவிடச் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ரிசர்வ் அணி ஆடுகிறது என்று கேள்விப்பட்டால், பையனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். நாளைய அருமைநாயகம் அங்கேதான் பூட்ஸ் கட்டிக்கொண்டிருப்பான்.