புகைபோக்கி எழும் முன்பே அளந்துவைப்போம்

கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் காற்று மாசைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கொடைக்கானலிலும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானி ஆலை 1980-களில் அங்கே நிறுவப்பட்டது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு 7 டன்னுக்கு மேல் அவ்வூர் மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள பழைய இரும்புக் கடையில் கிடந்ததை 2001 மார்ச்சில் ஊர்மக்களும் சூழலியல் ஆர்வலர்களும் அம்பலப்படுத்திய பிறகே, இந்துஸ்தான் லீவர் நிறுவனம் அந்த ஆலையை மூடியது.

அதற்குள் பாதரசம் ஆவியாகிக் காற்றில் பரவியிருந்தது. சுற்றுப்புற மரங்களில் படர்ந்திருந்த பாசியை அணுசக்தித் துறை ஆய்வாளர்கள் எடுத்துச் சோதித்தனர். மரப்பாசி மண்ணில் வேர்விடுவதில்லை. காற்றிலும் மழையிலும் வருவதையே உறிஞ்சிக்கொள்ளும். தொலைவிலுள்ள பேரிஜம் ஏரிப் பகுதியைவிட, ஆலையை ஒட்டிய பாசியில் பாதரசம் பல மடங்கு இருந்தது.

பாதரசம் மட்டுமல்ல; மற்ற ஆலைகளில் உலையின் வெப்பத்தில் ஈயம், காட்மியம், ஆர்சனிக் போன்றவையும் ஆவியாகி, ஆறும்போது நுண்துகள்களின்மேல் படிகின்றன. அந்தத் துகள்கள் நுரையீரலின் அடிவரை செல்லும். மூச்சில் போகும் பாதரச ஆவியில் ஏறத்தாழ 80 விழுக்காடு உடலுக்குள் சேர்ந்துவிடும். காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆறு இணைதிறன் குரோமியம் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாய்வழி போகும் ஈயத்தைக் குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்குவரை அதிகம் உறிஞ்சும். புகை நின்றாலும் உலோகம் மக்கிப்போவதில்லை. வாசலில் படிந்த புழுதி, மண்ணில் விளையாடும் பிள்ளையின் விரல் வழியே வயிற்றுக்குள் போகிறது.

இதையெல்லாம் யார் அளக்கிறார்கள்? 2009-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர வரையறையில் உள்ள 12 மாசுகளில் ஈயம், நிக்கல், ஆர்சனிக் ஆகிய மூன்று மட்டுமே நச்சு உலோக வகையைச் சேர்ந்தவை. பாதரசம், காட்மியம், குரோமியம், மாங்கனீசு ஆகியவற்றுக்குச் சுற்றுப்புறக் காற்றில் வரம்பே இல்லை. 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நான்கு தமிழக நகரங்களே இடம்பெற்றுள்ளன. அதுவும் தூசியின் எடையைத்தான் முதன்மையாகப் பார்க்கிறது. அதில் என்ன கலந்திருக்கிறது என்பதை அல்ல. அலுமினிய ஆலையும் அனல்மின் நிலையமும் கண்ட மேட்டூர் அந்தப் பட்டியலில் இல்லை. மூடப்பட்ட ஆலையின் குரோமியக் கழிவு லட்சக்கணக்கான டன்னாகக் குவிந்த ராணிப்பேட்டையும் இல்லை.

முள்ளுக்குறிச்சி அமைந்துள்ள நாமக்கல் மாவட்டத்துக்கு இது அயலூர்க் கதை அல்ல. மேட்டூர் அலுமினிய ஆலைக்காகக் கொல்லிமலையில் பாக்சைட் வெட்டப்பட்டது; 2008-இல் வழக்கு நீதிமன்றத்துக்குப் போன பிறகே அது நின்றது. மோகனூர் வட்டம் வளையப்பட்டிப் பகுதியில் சிப்காட் தொழிற்பேட்டைத் திட்டத்தை விவசாயிகள் எதிர்த்துப் போராடியதையும் பார்த்தோம்.

தொழிற்சாலையே வேண்டாம் என்பதல்ல வாதம். நோய் வந்த பிறகு, ஆலையால்தான் வந்தது என்று நிரூபிக்கும் சுமை நோயாளியின் தலையில் விழுகிறது. கொடைக்கானல் தொழிலாளர்களின் உடல்நலக் கேட்டுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்றே நிறுவனம் வாதிட்டுவந்தது. 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பான உடன்பாடு 2016-இல்தான் எட்டப்பட்டது. ஆலை மூடி 15 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எனவே, எந்தத் தொழிற்பேட்டைக்கும் அனுமதி தரும் முன் சுற்றுவட்டார ஊர்களின் காற்று, மண், கிணற்று நீர் ஆகியவற்றில் உள்ள உலோக அளவையும், பெற்றோர் சம்மதத்துடன் குழந்தைகளின் ரத்தத்தில் உள்ள ஈய அளவையும் அரசு பதிவுசெய்ய வேண்டும். ஆண்டுதோறும் அதே இடங்களில் மறுபடி அளந்து, முடிவைத் தமிழில் கிராம சபையில் வாசிக்க வேண்டும். விடுபட்ட உலோகங்களுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரம்பு வகுக்க வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம்; அந்த உரிமை ஒவ்வொரு வாக்காளருக்கும் இருக்கிறது.