துடைப்பம் காட்சிக்கூடத்துக்குக் கடன்பட்டதல்ல

கச்சிராயபாளையத்தில் பேசவந்த ஓவிய விமர்சகர் ஒருவர் ஒரே கருத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். துடைப்பம், முறம், உலக்கை, பானை எல்லாம் வீட்டில் இருக்கும்வரை வெறும் கருவிகளாம். கலைஞன் எடுத்துக் காட்சிக்கூடத்தில் வைத்த பிறகே குறியீடாகின்றனவாம். 1917இல் மார்செல் துஷாம்ப் நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பிய சிறுநீர்க் கோப்பைதான் அவருடைய சான்று. கல்வராயன் மலையடிவாரத்தில் நின்று இதைச் சொல்ல, இந்த வட்டாரத்துக் கலை எதையும் பார்த்திராதவரால்தான் முடியும்.

கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் இரவெல்லாம் பதினெட்டாம் போர்க் கூத்து நடக்கும். அடுத்து படுகளம். மல்லாந்து கிடக்கும் பெரிய மண் துரியோதனன்மேல் பீமன் வேடக்காரர் ஏறித் தொடையைப் பிளப்பார். பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். பிறகு பல ஊர்களில் ஒப்பாரி வைத்துக்கொண்டு ஒரு பெண் வேடம் வரும். சில ஊரில் அது காந்தாரி, சில ஊரில் துரியோதனன் மனைவி பெருந்திருவாள். கையில் துடைப்பமும் முறமும். அவற்றால் அடி வாங்கச் சனங்கள் முண்டியடிப்பார்கள். அடி பட்டால் பீடை ஒழியும் என்பது நம்பிக்கை.

விமர்சகர் இதற்குப் பதில் சொல்லட்டும். துடைப்பத்தால் அடிப்பேன் என்பது எங்கள் தெருவில் கொலைப்பகை மூட்டும் சொல். அதே அடியைப் படுகளத்தில் தலைகுனிந்து கேட்டு வாங்குகிறார்கள். காலையில் வாசல் பெருக்கும் பொருள் என்பதால்தான் அதற்குப் பீடையைக் கூட்டித் தள்ளும் வலிமை; வீட்டு மூலையில் கிடப்பது என்பதால்தான் அது அவமானம். இரண்டும் புழக்கத்தில் விளைந்தவை. கூத்துக்காரர் அந்த அர்த்தத்தைப் புதிதாக ஊட்டவில்லை, இருப்பதை உச்சத்துக்குக் கொண்டுபோகிறார். புழக்கத்திலிருந்து பிரித்துவிட்டால் அந்தக் காட்சியே செத்துவிடும்.

இது நாட்டார் கலைக்கு மட்டும் உரியதும் அல்ல. காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் திருப்பரங்குன்றம் குடைவரையிலும் மூதேவி எனப்படும் தவ்வைக்குச் சிற்பம் உண்டு. எட்டாம் நூற்றாண்டுக் காலத்தவை. காக்கைக்கொடியோடு துடைப்பமும் அந்தத் தெய்வத்தின் அடையாளம். துஷாம்புக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே துடைப்பம் இங்கே சிற்ப இலக்கணத்தில் இடம் பிடித்துவிட்டது.

இன்றைய கலைக்கூடக் கலைஞரையே எடுத்துக்கொள்வோம். பீகாரில் பிறந்த சுபோத் குப்தா 2006இல் எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கிப் பிரம்மாண்டமான மண்டையோடு செய்தார். வெனிஸ் நகரத்தில் அதைப் பார்த்து வியந்தார்கள். நம் ஊர்ப் பெண்ணுக்கோ சீர்வரிசைப் பாத்திரமும் அதன்மேல் பொறித்த பெயரும் அதில் தெரியும், கூடவே வெறும் பாத்திரத்தின் பசியும் தெரியும். அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அடுக்களை.

மக்களுக்கு அர்த்தம் உண்டாக்கத் தெரியாது, படித்தவன் வந்து உண்டாக்கித் தரவேண்டும் என்பதே விமர்சகரின் வாதத்துக்கு அடிப்படை. அது பிழை மட்டுமல்ல, உழைக்கிற கைகளுக்குச் செய்யும் அவமதிப்பு. அடுத்த திருவிழாவில் ஒரு படுகளத்தை முழுதாக நின்று பார்த்துவிட்டு விமர்சகர் எழுதட்டும். அதுவரை இந்த ஊர்க் கலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி அவருக்கு இல்லை.