இரண்டு ஆண்டோடு கைவிடலாமா?

தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான். பெண் சிசுக்கொலைக்குத் தப்பி அரசுத் தொட்டிலுக்கு வந்த குழந்தைகள் பலர் தத்துப் பெற்றோரிடம் வளர்ந்தார்கள். முதலில் வந்தவர்கள் இன்று முப்பதைக் கடந்துவிட்டார்கள். தத்துக் குடும்பங்களுக்குத் துணைநிற்கத் தெரிந்த மனநல ஆலோசகர்களை உருவாக்கும் கடமையும் இந்த மாவட்டத்துக்கு உண்டு. அதை மலைமேல் இருக்கும் ஏற்காட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீதம் இரண்டு ஆண்டுகள் வரை தத்துக் குடும்பத்தைப் பின்தொடர்ந்து பார்த்து அறிக்கை தருவார்கள். கைக்குழந்தையாக வந்த பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்குள் அது முடிந்துவிடும். கேள்விகளோ அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஒன்றாம் வகுப்பில், பிறந்தபோது எடுத்த படத்தை ஒட்டி வரச் சொல்கிறார்கள். வீட்டில் அப்படி ஒரு படமே இல்லை. பதிமூன்று வயதில், கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ வாய்தவறிச் சொன்னது காதில் விழுகிறது. அன்றிரவு பிள்ளை சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, "நீ யாரு என்னைக் கேக்க?" என்கிறது.

அந்தத் தாய் ஆலோசகரிடம் ஓடினால், "இப்ப எதுக்கும்மா, பெரியவளானதும் சொல்லிக்கலாம்" என்று அனுப்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் தவறான ஆலோசனை. வயதுக்கேற்ற சொற்களில் சிறுவயதிலிருந்தே சொல்லி வளர்ப்பதுதான் பிள்ளையின் நம்பிக்கையைக் காக்கும். அடங்காப்பிள்ளை என்று முத்திரை குத்துமுன், அது எத்தனை கை மாறி இந்த வீட்டுக்கு வந்தது என்று கேட்கத் தெரிய வேண்டும். மலடிப் பட்டம் சுமந்த தாயின் ஆறாத துக்கத்தையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இதற்கெல்லாம் தனிப் பயிற்சி தேவை. அமெரிக்காவில் மனநலப் பணியாளர்களுக்கு இதற்கென்றே இணையவழிப் பயிற்சி இருக்கிறது. இங்கிலாந்து 2015இல் தத்துக் குடும்பங்களின் சிகிச்சைக்குத் தனி நிதியே ஒதுக்கியது.

ஏற்காட்டிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. விடுதியில் ஒரு பிள்ளை முகம் வாடினால் முதலில் பார்ப்பவர் விடுதிக் காப்பாளர். பயிற்சியில் அவருக்கும் இடம் வேண்டும். காபித் தோட்டக் கூலிக் குடும்பம் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆலோசகர்தான் மலையேற வேண்டும்.

2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை பிறப்பிப்பவர் மாவட்ட ஆட்சியர். மாவட்ட மனநலத் திட்டத்தையும் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியையும் ஒரே மேசைக்கு அழைத்து, வரும் கல்வியாண்டுக்குள் அவர் பயிற்சியைத் தொடங்க வேண்டும். பின்தொடர்தல் முடியும் நாளில், பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் இருந்தாக வேண்டும்.