சீட்டுக்கட்டை வகுப்பறைக்குள் விடுங்கள்

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவுப் பாடத்துக்கு 52 சீட்டு கொண்ட கட்டு இல்லாமல் ஆகாது. எடுக்கும் சீட்டு சிவப்பு ராஜாவாக இருக்க என்ன வாய்ப்பு? 1/26 என்று பிள்ளைகள் மளமளவென்று எழுதுவார்கள். அதே கட்டை நான் வகுப்புக்குக் கொண்டுபோனபோது, "சார், சூதாட்டமா சொல்லித் தர்றீங்க?" என்று தலைமையாசிரியர் கேட்டார். பாடத்தில் இருக்கலாம், மேசைமேல் இருக்கக் கூடாதாம்!

சீட்டு ஆட்டத்துக்கு மட்டும்தான் என்பது பாதிக் கதை. 1685இல் கனடாவின் கியூபெக் பகுதி பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்தது. பிரான்சிலிருந்து பணம் வந்து சேராததால் சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. நிர்வாகி ஜாக் தெ மூல், சீட்டுகளில் கையெழுத்துப் போட்டு அவற்றையே பணமாக்கினார். முழுச் சீட்டு 4 லிவ்ர், பாதியாக வெட்டியது 40 சோல், கால்துண்டு 15 சோல். ஒரு லிவ்ருக்கு 20 சோல் என்பதால் கால்துண்டுக்கு 20 அல்லவா வரவேண்டும்? கணக்கு வாத்தியாருக்கு இன்னும் உறுத்துகிறது.

1791இல், பறிமுதல் செய்த தேவாலயப் புத்தகங்களுக்குப் பட்டியல் போட பிரெஞ்சுப் புரட்சி அரசு சீட்டுகளைத்தான் எடுத்தது. அன்று சீட்டின் பின்புறம் வெறுமையாக இருக்கும். அதில் நூல் விவரம் எழுதி, கீழ்மூலையில் ஊசி குத்தி நூலில் கோத்தார்கள். நீளமான தலைப்பு என்றால் முன்பக்கமும் காலியாகக் கிடக்கும் ஆஸ், இரண்டு ஆகிய சீட்டுகள் கைகொடுத்தன.

என் வகுப்புக்கு இவ்வளவுகூட வேண்டாம், மடித்தால் போதும். வழக்கமான சீட்டு 63 மி.மீ. அகலம், 88 மி.மீ. நீளம். இரண்டு சீட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, ஒவ்வொன்றிலும் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் பன்னிரண்டரை மி.மீ. விளிம்பை மற்றதன்மேல் மடக்கி நகத்தால் அழுத்திப் பிரித்தால், சதுர முதுகும் இரண்டு காதுகளும் உள்ள துண்டுகள் இரண்டு கிடைக்கும். இப்படி ஆறு துண்டு. காதுகள் வெளிப்பக்கம் இருக்க ஒன்றையொன்று கவ்வவிட்டால், பசையே இல்லாமல் ஒரு கனச்சதுரம். ஐந்தாவது துண்டு வரை சரிந்து சரிந்து விழும்; ஆறாவது நுழைந்ததும் இறுகிவிடும். முகம், விளிம்பு, முனை என்று கரும்பலகையில் நான் தொண்டை கிழியக் கத்தியதைவிட இது வேகமாக மண்டையில் ஏறும். முழு பிளாஸ்டிக் சீட்டு மட்டும் வேண்டாம், மடிப்பு நிற்காது. இதே மடிப்பில், 66,048 விசிட்டிங் கார்டுகளைக் கொண்டு மெங்கர் ஸ்பாஞ்ச் என்ற கணித வடிவத்தையே அமெரிக்காவின் ஜெனின் மோஸ்லி எழுப்பினார்.

சூதாட்டப் பயம்தான் தடை என்றால், ரம்மியில் பணம் பறிபோனது பெரும்பாலும் கைப்பேசியில். அந்தக் கைப்பேசியில்தான் வீட்டுப்பாடமும் அனுப்புகிறோம். மனமகிழ் மன்றங்களில் தேய்ந்துபோய்த் தூக்கிப்போடும் கட்டுகளை, ஒரு மூலையை வெட்டி ஆட்டத்துக்கு ஆகாதபடி செய்து, பக்கத்துப் பள்ளிகளுக்குக் கொடுக்கச் சொல்லலாம். ஒரு கட்டில் எட்டுக் கனச்சதுரம் போக நான்கு சீட்டு மிஞ்சும். அது நிகழ்தகவுப் பாடத்துக்கு.