யாரிடம் கேட்கிறார்கள் இந்த மணிக்கணக்கை?

வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் ஒரு தொழிலதிபர் சொன்னார். 2025இல் இன்னொருவர் அதை 90 ஆக்கினார். விடியுமுன் துடைப்பத்தோடு தெருவுக்கு வரும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரிடம் எத்தனை மணி நேரம் போதும் என்று யாரும் கேட்டதில்லை. பலருக்கு ஞாயிறும் வேலைநாள்தான்; திருவிழா முடிந்தால் குப்பை இருமடங்கு; வராத நாளுக்குக் கூலி கிடையாது. பெரும்பாலும் நம் சேரிகளிலிருந்து போகிறவர்கள் இவர்கள்.

வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்த அண்ணல் அம்பேத்கர், வார வேலைநேரத்தை 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்த மசோதாவை 1946இல் கொண்டுவந்தார். அந்த 48 ஆலைக்குள் நுழைந்தது. குப்பை வண்டி வரை வரவில்லை. 2023இல் 12 மணி நேர மசோதா பேரவையில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தன, மே தினத்தன்று அரசு அதைத் திரும்பப் பெற்றது. துப்புரவு ஒப்பந்தங்களுக்காக அந்தக் கொதிப்பை நாம் இன்னும் பார்க்கவில்லை.

நம்மைக் கேட்டால் 40 மணி நேரம் போதும். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போக, சங்கக் கூட்டத்தில் கடைசிவரை உட்கார, சும்மா இருக்கவும்கூட நேரம் வேண்டும். இப்போதைக்கு 48 மணி உச்சவரம்பு, கூலியோடு வார விடுமுறை, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி ஆகியவற்றை அடுத்த ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பிலேயே நகராட்சிகள் எழுதட்டும்.