கட்டடக்கலைக் கல்விக்கு எது குறைந்தபட்சத் தரம்?

ஆய்வுக் குழு வருகிறதென்றால் தனியார் கல்லூரிகளில் நடப்பது ஊரறிந்த கதை. சுவருக்குப் புது வெள்ளை, நூலகத்துக்குப் புது அலமாரி, வாரம் ஒருநாள் வந்துபோனவர் அன்றைக்கு மட்டும் முழுநேரப் பேராசிரியர். 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவினர் சிலரை லஞ்ச வழக்கில் சிபிஐ கைது செய்தபோது, இந்த வட்டாரத்தில் யாரும் பெரிதாக அதிர்ச்சியடைந்ததாகத் தெரியவில்லை.

லஞ்சத்தை விடுங்கள். நேர்மையாக நடக்கும் ஆய்வு எதை அளக்கிறது? 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கட்டடக்கலைக் கவுன்சில், 1983இல் குறைந்தபட்சத் தர விதிமுறைகளை வகுத்தது. 2020இல் அவற்றைப் புதுப்பித்தது. ஆசிரியர் எண்ணிக்கை, ஸ்டூடியோ, பட்டறை, ஆய்வகம் எல்லாம் அதில் உண்டு. தேவைதான். ஸ்டூடியோவும் கணினியும் இல்லாத கல்லூரியில் முதலில் அடிபடுவது அரசுப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைதான். வீட்டிலேயே எல்லாம் இருப்பவர் தப்பித்துக்கொள்வார்.

ஆனால் அந்த ஸ்டூடியோவுக்குள் நடப்பதை அளக்கும் கோல் எங்கே? பி.ஆர்க். படிப்பில் மதிப்பெண்ணின் பெரும்பகுதி ஜூரியின் கையில் இருக்கிறது. விடைத்தாளில் இருப்பதுபோல் மறைக்கப்பட்ட எண் இங்கே கிடையாது. மாணவர் தன் முகத்தோடும் பெயரோடும் ஆங்கிலத்தோடும் வரைபடத்தின் முன் நிற்கிறார். 'அழகுணர்ச்சி போதாது' என்ற ஒரு வரியில் ஆறு மாத உழைப்பைக் கீழே தள்ளிவிடலாம்; காரணம் கேட்க முடியாது. டெல்லி எய்ம்ஸில் வாய்மொழித் தேர்விலும் அகமதிப்பீட்டிலும் தலித், பழங்குடி மாணவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதைத் தோரட் குழு 2007இலேயே பதிவுசெய்தது. வாய்மொழித் தேர்வையே அச்சாணியாகக் கொண்ட கட்டடக்கலைக்கு அப்படியொரு குழு வேண்டாமா?

பாடத்துக்கு வருவோம். பல ஊர்க் கல்லூரிகளிலிருந்தும் மாணவர்களைப் புதுச்சேரிக்கு அழைத்து வருகிறார்கள். கடற்கரையோரப் பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவர்களையும் காகிதப்பூ தொங்கும் மாடங்களையும் அளந்து வரைகிறார்கள். வெள்ளையர் நகரம், கறுப்பர் நகரம் என்று வாய்க்கால் போட்டு ஊரைப் பிரித்த காலனியக் கதையையும் கேட்டுக்கொள்கிறார்கள். அங்கேயே பேருந்து திரும்பிவிடுகிறது. விழுப்புரம் சாலையில் பெயரிலேயே சாதியைச் சுமந்து நிற்கும் எங்கள் ரெட்டியார்பாளையத்துக்கு அது வருவதில்லை. வந்தால், வாடகைக்கு வீடு கேட்பவரிடம் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்கும் நகரத்தையும் வரைய வேண்டியிருக்கும். என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் போட்ட கோடு பாரம்பரியமாம். நாம் போட்ட கோடு பாடத்திலேயே இல்லையாம்.

2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் உயரமான சுற்றுச்சுவர் ஒன்று மழையில் இடிந்து அருந்ததியர் வீடுகள்மேல் விழுந்தது. 17 பேர் செத்தார்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே மக்கள் சொன்னார்கள். அஸ்திவாரம் எவ்வளவு? தண்ணீர் வடியத் துளை இருந்ததா? ஒரு வீட்டுக்கு அத்தனை உயரம் எதற்கு? மூன்றுமே கட்டடக்கலைக் கேள்விகள்தான். மூன்றாவதை வகுப்பில் கேட்டுப் பாருங்கள், 'அது சமூகவியல்' என்பார்கள்.

ஆனால் வாஸ்து மட்டும் கட்டடக்கலையாகிவிடும்! 2017இல் காரக்பூர் ஐஐடியே அதைப் பாடமாக்கப் போவதாக அறிவித்தது. வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையைப் புரட்டினால், பிராமணருக்கு வெள்ளை மண், சத்திரியருக்குச் சிவப்பு, வைசியருக்கு மஞ்சள், சூத்திரருக்குக் கறுப்பு. வருணம் இறங்க இறங்க வீட்டின் அகலமும் குறைகிறது. அதுவும் ஒரு தர விதிமுறைதான் தோழர்களே. யாருக்கு எவ்வளவு இடம் என்று எழுதிவைத்த விதிமுறை. அதைப் படிக்கட்டும், அது என்னவென்று சொல்லிப் படிக்கட்டும். கூடவே, நூறு வீடுகளைச் சாதி கலந்து ஒதுக்கி, பொதுச் சுடுகாடும் வைத்த சமத்துவபுரத்தின் வரைபடத்தையும் மேசையில் விரிக்கட்டும். 1997இல் அறிவித்த அந்தத் திட்டத்தில் எது வென்றது, எது தோற்றது என்று அங்கே குடியிருப்பவர்களிடமே மாணவர்கள் போய்க் கேட்கட்டும்.

அடுத்த முறை குழு வரும்போது ஸ்டூடியோவின் சதுர மீட்டரை அளக்கட்டும். அதோடு இவற்றையும் கேட்டு வாங்கட்டும்: ஐந்து ஆண்டு ஜூரி மதிப்பெண்கள், இடஒதுக்கீட்டுப் பிரிவு வாரியாக. ஜூரியில் உட்கார்ந்தவர்களில் தலித், பழங்குடியினர் எத்தனை பேர் என்ற கணக்கு. மாதிரி செய்யவும் அச்சிடவும் ஒரு மாணவர் ஒரு பருவத்தில் செலவழித்த தொகை. முதல் ஆண்டில் சேர்ந்து ஐந்தாம் ஆண்டுக்கு வராமல் போனவர்களின் பட்டியல், காரணத்தோடு. இவற்றைக் காட்ட மறுக்கும் கல்லூரிக்கு அங்கீகாரத்தை நிறுத்தி வைக்க வேண்டும்.