முன்வரிசையில் மூன்று நிழல்கள்



மோசமாக எடுக்கப்பட்ட பழைய திரைப்படங்களை நண்பர்களோடு அமர்ந்து பார்த்து, காட்சிக்குக் காட்சி நையாண்டி பேசிச் சிரிப்பது விசுவாசிக்குத் தகுமா என்ற கேள்வி வாலிபர் கூட்டத்தில் எழுந்தது. முதலாம் சங்கீதம் பரியாசக்காரரின் இருக்கையைக் குறித்து எச்சரிக்கிறதே என்பது கேட்டவரின் கவலை. நியாயமான கவலைதான். ஆயினும் 'தகாது' என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வடிவம் கொடுத்த நிகழ்ச்சி 'மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000'. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையத்தில் 1988 நவம்பரில் அது தொடங்கியது. அதை உருவாக்கியவர் ஜோயல் ஹாட்ஜ்சன். கதை எளியது. ஒரு மனிதன் விண்கலத்தில் தனியே சிறைப்பட்டிருக்கிறான். அவனைச் சிறைவைத்தவர்கள் மட்டமான படங்களை அனுப்பி, பார்த்தே தீரவேண்டும் என்று வருத்துகிறார்கள். தனிமை தாளாமல் அவன் தனக்குத் துணையாக ரோபோக்களைச் செய்துகொள்கிறான். அவனும் இரண்டு ரோபோக்களும் முன்வரிசையில் அமர்ந்து பேசிக்கொண்டே படம் பார்ப்பார்கள். திரையின் அடியில் அவர்களுடைய நிழலுருவங்கள் தெரியும். ஒரு ரோபோவின் தலை, காசு போட்டால் மிட்டாய் தரும் பொம்மைப் பொறி. மற்றொன்றின் அலகு பௌலிங் விளையாட்டுக் கட்டையால் ஆனது. மலிவான படங்களைக் கேலி செய்தவர்கள் தாங்களும் மலிவான பொருள்களைக் கொண்டே கடை விரித்தவர்கள் என்பதை நான் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

அவர்கள் கேலி செய்த படங்களில் மிகவும் பேசப்படுவது 1966இல் வெளிவந்த 'மானோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்'. டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில் காப்பீடும் உரமும் விற்றுவந்த ஹெரால்ட் வாரன் என்பவர், திகில் படம் எடுப்பது ஒன்றும் கடினமன்று என்று திரைக்கதை ஆசிரியர் ஒருவரிடம் பந்தயம் கட்டி, தாமே எழுதி, இயக்கி, நடித்தும் விட்டார். கையால் சாவி கொடுத்து ஓட்டும் 16 மில்லிமீட்டர் கேமரா. ஒரு தடவை சாவி கொடுத்தால் 32 விநாடிகளுக்கு மேல் ஓடாது. படப்பிடிப்பில் ஒலிப்பதிவே இல்லை. பின்னர் சிலரே அமர்ந்து எல்லாருக்கும் குரல் கொடுத்தார்கள். இரவுக் காட்சிகளில் விளக்கைத் தேடி வந்த பூச்சிகளும் படத்தில் இடம்பிடித்துக்கொண்டன. நடித்தவர்களுக்கு லாபத்தில் பங்கு தருவதாகப் பேச்சு. லாபம் வரவில்லை. படத்தில் நடித்த ஒரு சிறுமிக்கு மிதிவண்டியும், அவள் வீட்டு நாய்க்கு ஒரு மூட்டை உணவும் கூலியாகக் கிடைத்தன.

முதல் காட்சி அந்த ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் அதே நகரில் நடந்தது. திரையில் தன் வாய் அசைய, வேறொருவரின் குரல் வருவதைக் கேட்டு அந்தச் சிறுமி அழுதாள். அதன்பின் படத்தை உலகம் மறந்துபோயிற்று. 1993 ஜனவரியில் அந்த விண்கலத்து நண்பர்கள் அதைப் பார்த்துச் சிரித்த பின்பே ஆயிரக்கணக்கானோர் அதன் பெயரை அறிந்தார்கள். 2011இல் ஒருவர் அதன் பழைய படச்சுருளைக் கண்டெடுத்து, நிதி திரட்டி, பழுது நீக்கிப் புதுப்பித்தார். சிரித்தவர்கள் இல்லையேல் அதைத் தேடுவார் யார்?

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். அந்தச் சிரிப்புக்கு ஒரு விலை இருந்தது. நிகழ்ச்சியை எழுதியவர்கள் ஒரே படத்தைப் பலமுறை பார்த்தே நகைச்சுவை எழுதினார்கள். எடுத்தவர்களைத் தவிர வேறெவரும் அவ்வளவு பொறுமையாக அந்தப் படங்களைப் பார்த்திருக்கமாட்டார்கள். பாதியில் எழுந்து போக அவர்களுக்கு வழியில்லை. பரியாசக்காரனோ உட்கார்வதே இல்லை. கடந்துபோகிறபோது ஒரு சொல்லை எறிந்துவிட்டு நடந்துவிடுகிறான்.

ஆனால் முன்வரிசையில் இருப்போர் சொல்வதெல்லாம் குற்றமற்றது என்று நான் கூறவில்லை. நடிகர்களின் உடலமைப்பைக் குறித்த கேலிகளும் அந்நிகழ்ச்சியில் உண்டு. அவற்றை என்னால் ஏற்க இயலாது. 'மானோஸ்' படத்தில் டோர்கோ என்னும் வேலைக்காரன் வருகிறான். தள்ளாடும் நடையும் நடுங்கும் பேச்சுமாக வரும் அவனைக் கண்டுதான் எல்லாரும் அதிகம் சிரிக்கிறார்கள். அந்த வேடத்தில் நடித்த ஜான் ரெனால்ட்ஸ், படம் திரைக்கு வர ஒரு மாதம் இருக்கையில், 25 வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இதை அறிந்தபின் டோர்கோவின் நடையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பொருந்தாத குரலுக்கும் திக்கற்ற கதைக்கும் இன்றும் சிரிக்கிறேன்.

வேதாகமத்தில் இருவகைச் சிரிப்பும் இருக்கிறது. ஈசாக்கு என்ற பெயருக்கே நகைப்பு என்பது பொருள். முதிர்வயதில் பிள்ளை பெற்ற சாராள், கேட்பவர்கள் எல்லாரும் தன்னோடு சேர்ந்து நகைப்பார்கள் என்று மகிழ்ந்தாள். தேசாதிபதியின் அரண்மனையில் போர்ச்சேவகர் நடத்தியதும் ஒரு நாடகந்தான்: அங்கி, முள்முடி, கையில் ஒரு கோல். எதிர்த்துப் பேசாத ஒருவரை நடுவில் நிறுத்தி, சுற்றி நின்று சிரித்தார்கள்.

நம் கைப்பேசிகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சேவகர்களே நினைவுக்கு வருகிறார்கள். ஏதோ ஒரு கிராமத்துச் சபையில் ஒரு தாயார் சுருதி விலகிப் பாடுகிறார். ஒருவர் அதில் 20 விநாடிகளை வெட்டியெடுத்து, சிரிக்கும் முகக்குறி சேர்த்துப் பரப்புகிறார். நம்முடைய வாட்ஸப் குழுக்களிலும் அது வந்து சேர்கிறது. அந்தத் தாயார் பாடலை எப்படி முடித்தார், ஏன் அன்று பாட எழுந்தார், யாரை இழந்தபின் பாடினார் என்பதெல்லாம் அதில் இல்லை. இரவெல்லாம் ஒரு மட்டமான படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கும் நம் வாலிபரைக் குறித்து எனக்குள்ள கவலை சிறிது. 'ஆமென்' என்று எழுதிய அதே விரலால் அந்த 20 விநாடிகளை அனுப்பும் பெரியவர்களைக் குறித்தே எனக்குக் கவலை அதிகம்.

வாலிபருக்கு ஒரு வார்த்தை: படத்தைப் பாருங்கள், கூடிப் பாருங்கள், முடியும்வரை பாருங்கள். எடுத்தவர் யார், அவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் தேடி வாசியுங்கள்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் கிறிஸ்து பிறப்பு நாடகம் வழக்கம்போல் டிசம்பரில் நடைபெறும். பஞ்சுத் தாடி கழன்று விழும், மேய்ப்பர்களில் ஒருவன் வசனத்தை மறப்பான், ஒலிவாங்கி உரிய நேரத்தில் ஊமையாகும். தாராளமாகச் சிரியுங்கள், பிள்ளைகளும் சேர்ந்து சிரிப்பார்கள். கைப்பேசிகளை மட்டும் பைக்குள் வைத்துவிடுங்கள். முன்வரிசை நாற்காலிகள் ஆண்டுதோறும் காலியாகவே இருக்கின்றன. இம்முறை வாலிபர் அங்கே அமரட்டும்.